லியோனுக்குத் தனியப் போவதற்காக அமெரிக்காவில் ஓடிய 1,908 மைல்

பாரிஸிலிருந்து லியோன் 465 கிலோமீட்டர். அமெரிக்கப் பயணக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தப் பயணமே அந்த 465 கிலோமீட்டருக்காகத்தான் நடந்தது. என் மகள் லியோனில் படிக்கிறாள். போய்ப் பார்ப்போம் என்று நான் வாய் திறக்கும் போதெல்லாம் என் கணவர் குகன், "எனக்கு லீவு கிடைக்கட்டும், கூட்டிக்கொண்டு போறன்" என்பார். அந்த லீவு ஒன்றரை வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

ரயில் இருக்கிறதுதானே என்பவர்களுக்கு: இருக்கிறது. ஆனால் எனக்குக் கார் ஓடத் தெரியும். பெர்மி, அதுதான் சாரதி அனுமதிப்பத்திரம், எடுத்து ஐந்து வருடம். ஐந்தாவது தடவைதான் கிடைத்தது, அதையும் மறைக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது தனிய ஓடியிருக்கிறேனா என்றால், இல்லை. பக்கத்து சீற்றில் குகன் இருப்பார். அவர் வான் ஓடிச் சாமான் இறக்கும் வேலை செய்கிறவர், ஆகவே உலகத்தில் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "லைட் மஞ்சள். சைக்கிள்காரன் வாறான். கியரை மாத்து. ஏன் மாத்தினனி?" பாரிஸ் புறநகர் ஓல்னேயில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்கு நாலு கிலோமீட்டர். போய் இறங்கும்போது எனக்கு நாலு நாள் வேலை செய்த களைப்பு வரும்.

போன வருடம் பங்குனி மாதம் எபினே மண்டபம் ஒன்றில், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தோம். மேசையில் லியோன் கதை வந்தது. குகன் எல்லோருக்கும் கேட்க, "இவளைத் தனிய விட்டா லியோனுக்கெண்டு வெளிக்கிட்டு பெல்ஜியத்திலை நிப்பாள்" என்றார். மேசை சிரித்தது. எதிரே இருந்த ஒரு அண்ணை, "பெல்ஜியமோ, அமெரிக்காவுக்கே போயிடுவா" என்று சேர்த்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கையில் இடியப்பம். "ஓம், அமெரிக்காவிலைதான் ஓடப்போறன். தனிய" என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவைத் தெரிவு செய்த காரணம் இவ்வளவுதான். அந்த அண்ணை சுவிஸ் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சம்.

நான் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். மண்டபத்தில் சனிக்கிழமை சொன்ன சொல், திங்கட்கிழமை எனக்கு முதலே கடைக்கு வந்துவிட்டது. முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு வயதான ஐயா, "பிள்ளை, அங்கை எந்தப் பக்கம் ஓடுறது?" என்று கேட்டார். "இஞ்சை மாதிரித்தான் ஐயா, வலப்பக்கம்." "அப்ப பயமில்லை" என்றவர், போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு கிழமையில் விசயம் எங்கள் பக்கத்து ஊரான செவ்ரான் வரை போய்விட்டது. இனிப் பின்வாங்கினால் கடையை மாற்றவேண்டும், அல்லது முகத்தை மாற்றவேண்டும்.

குகனோடு பந்தயம் கட்டினேன். சிக்காகோவில் ஏறி லாஸ் வேகாஸில் இறங்கும்வரை பக்கத்து சீற்றில் ஒருவரும் இருக்கக்கூடாது. வென்றால் நினைத்த நேரம் தனிய லியோன் போகலாம். தோற்றால் அந்தக் கதையை இனி எடுக்கவே கூடாது. கையெழுத்து வைக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம், அது கையெழுத்தைவிட மோசம். அதோடு நான் ஒரு பிழை விட்டேன். எந்த நாள் எந்த ஊரில் நிற்பேன் என்று வழி முழுவதையும் அதே குழுவில் போட்டேன். எங்கள் ஆட்களிடம் வழியைச் சொன்னால் வழித்துணையும் தானாக வரும் என்று நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைகாசி நடுவில் புறப்பட்டேன். போவது சிக்காகோ, திரும்புவது லாஸ் வேகாஸிலிருந்து, விமானச் சீட்டு 742 யூரோ. எட்டு நாள் கார் வாடகை 438 டொலர், வேறு மாநிலத்தில் விடுவதற்கு மேலதிகமாக 250. சர்வதேச பெர்மியை மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் ஓடித் திரியாதீர்கள்.

வாடகைக் கார் என்றாலும் முதல்முதல் எடுக்கும் கார், சும்மா எடுக்க மனம் வரவில்லை. சிக்காகோவில் நாலு தேசிக்காய் வாங்கி, நாலு சில்லுக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்தேன். சாவி தந்த பெண் குனிந்து பார்த்து என்ன இது என்று கேட்டாள். என் ஆங்கிலத்துக்கு எட்டியவரை, "இது எங்கட இன்சூரன்ஸ்" என்றேன். எங்களிடமும் இருக்கிறது, நாளுக்கு 18 டொலர் என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் எடுத்தேன். ஏறி இருந்தால் கிளட்ச் இல்லை. பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதித்தது. கார் தேசிக்காயை நசித்து, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முதல் நாள் இலினோயைத் தாண்டி அயோவாவில் டி மோயின் வரை 333 மைல், காலை 8.10 முதல் மாலை 3.40. நேரான வீதி, இரண்டு பக்கமும் சோள வயல். முதல் ஒரு மணித்தியாலம் என் காதுக்குள் குகனின் குரல் கேட்டபடி இருந்தது. பிறகு அதுவும் அலுத்துப்போய் நின்றுவிட்டது. கோப்பி குடிக்க ஒரு சின்ன ஊருக்குள் இறங்கினேன். அங்கே ஒரு நாற்சந்தி, நாலு பக்கமும் நிறுத்தல் பலகை. பிரான்ஸில் எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லித் தந்தது, வலப்பக்கத்தால் வருகிறவருக்கு வழி விடு என்பது. அங்கே முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டுமாம். முதலில் வந்து நின்றது நான். வலப்பக்கத்தில் நின்ற பிக்கப்காரருக்கு நான் கை காட்ட, அவர் எனக்குக் கை காட்ட, மற்ற இரண்டு பேரும் எங்கள் இருவருக்கும் கை காட்ட, நாலு காரும் கலியாண வீட்டு வாசலில் நிற்பவர்கள் போல ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பிக்கப்காரர் இறங்கி வந்து, கார் பழுதோ என்று கேட்டார். இல்லை, நீங்கள் வலப்பக்கம் என்றேன். அவர் தன் வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பாவம், நல்ல மனிசன்.

அன்று மோட்டல் 79 டொலர். அடுத்த நாள் நெப்ராஸ்காவில் நோர்த் பிளாட் வரை 415 மைல், மோட்டல் 72. நெப்ராஸ்காவைப் பற்றி எழுத இருப்பது: அது நீளம். சத்தமாகப் பாடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூன்றாம் நாள் 265 மைல் ஓடி, பிற்பகல் ஒன்றரைக்குக் கொலராடோவில் டென்வர் போய்ச் சேர்ந்தேன்.

டென்வரில் குகனின் சித்தப்பா மகன் ரஞ்சன் மனைவி சுமதியோடு இருக்கிறான், கணினி வேலை. அவர்கள் வீடு இருக்க மோட்டலில் நிற்பது என்றால் அது குடும்பச் சண்டை, அதனால் அங்கேதான் தங்கினேன். சுமதி புட்டும் கோழிக்கறியும் வைத்து என்னை நடக்கமுடியாமல் செய்துவிட்டாள். மறுநாள் காலை எட்டரைக்கு வெளியே வந்தால், ரஞ்சன் என் காரில் பக்கத்து சீற்றில் இருக்கிறான். பெல்ற்றும் போட்டாயிற்று.

"தம்பி, நீர் எங்கை?"

"மலைப்பாதை அண்ணி. தனிய விடேலாது. கிராண்ட் ஜங்ஷன் மட்டும் வந்திட்டு நான் பஸ்ஸிலை திரும்புவன்."

"உங்கட அண்ணையோ சொன்னவர்?"

அவன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். "அண்ணை ஒண்டும் சொல்லேல்லை. ஒருக்காப் பாத்துக்கொள் எண்டு மட்டும்தான்."

பந்தயத்தை விளக்கினேன். இறங்கினான். ஆனால் விட்டானா? தன் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். நான் 55 என்றால் அவனும் 55. நான் தண்ணீர் குடிக்க நின்றால் அவனும் நின்று வானத்தைப் பார்த்தான். எனக்கு ஒரு பக்கம் சினம், ஒரு பக்கம் சிரிப்பு.

மலை ஏற ஏறப் பனி தொடங்கியது. வைகாசியிலும் அங்கே பனி கொட்டும், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 3,400 மீற்றர் உயரத்தில் ஒரு சுரங்கப்பாதை, அதைத் தாண்டி வெளியே வந்தால் எல்லாம் வெள்ளை. எனக்கு வந்தது சும்மா பயமில்லை, அம்மாளாச்சி என்று வாய்விட்டுச் சொன்ன பயம். முன்னால் ஒரு லொறி 25 மைலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின் லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, இடைவெளி விட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். சில்வர்தோர்ன் என்ற சின்ன ஊரில் வெளியேறி ஒரு கோப்பிக்கடை வாசலில் நிறுத்தினேன். டென்வரிலிருந்து 70 மைல்.

பத்து நிமிடம் கழித்து ரஞ்சன் வந்தான். இறங்கியவன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. ஒன்பது வருடமாக டென்வரில் இருக்கிறானாம், மலையில் பனிக்குள் ஒரு நாளும் ஓடியதில்லையாம். "அண்ணி, இனி என்னாலை ஏலாது" என்றான். பிறகு கடையின் பின்பக்கம் போய்க் குனிந்து, காலைச் சாப்பாடு முழுவதையும் சத்தி எடுத்தான்.

இரண்டு மணித்தியாலம் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். வீதியைத் துப்புரவாக்கிவிட்டார்கள், ஆனால் அவன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். அவன் காரை அங்கேயே விடுவது, நான் அவனைத் திருப்பிக் கொண்டுபோய் வீட்டில் விடுவது என்று முடிவானது. பின் சீற்றில் ஏறினான். ஒரு வளைவு போகவில்லை, வாயைப் பொத்திக்கொண்டான். "முன்னுக்கு இருந்தா ஒண்டும் செய்யாது அண்ணி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

காரை ஓரமாக நிறுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். லியோனை யோசித்தேன். குகனின் சிரிப்பை, எபினே மண்டபத்தின் சிரிப்பை, கல்லாவுக்கு முன் வரப்போகும் கேள்விகளை எல்லாம் யோசித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் முகம் பச்சையாக இருந்தது. பந்தயம் என்னுடையது, வயிறு அவனுடையது. "வாரும், முன்னுக்கு வந்து இரும்" என்றேன்.

வந்து இருந்தவன் ஐந்து நிமிடம் வீதியைப் பார்த்தான். வாயைத் திறப்பான், ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவன் தலையைக் கண்ணாடியில் சாய்த்து நித்திரையாகிவிட்டான். சுரங்கத்துக்குள்ளும் எழும்பவில்லை, இறக்கத்திலும் எழும்பவில்லை. நான் ஓட, பக்கத்தில் ஒருவர் நித்திரை கொண்டது அதுதான் முதல்தடவை. என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. இடையில் குகன் அவன் தொலைபேசிக்கு எடுத்தார், அது மடியில் கிடந்து அடித்து ஓய்ந்தது.

அடுத்த நாள் வெயில். 245 மைல் கிராண்ட் ஜங்ஷன், மோட்டல் 94 டொலர். அதற்கடுத்த நாள் யூட்டாவுக்குள் 390 மைல், சென்ற் ஜோர்ஜ் வரை, மோட்டல் 88. யூட்டாவில் நூறு மைலுக்கு மேல் ஒரு பெற்றோல் ஷெட்டும் இல்லாத பகுதி வருகிறது, முன்னதாகவே நிரப்புங்கள், போகவேண்டியதையும் போய்விட்டு வாருங்கள். சிவப்பு மலைகளை எழுத எனக்கு வராது, போய்ப் பாருங்கள். கடைசி நாள் அரிசோனாவின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு 120 மைல், நெவாடா. லாஸ் வேகாஸுக்கு வைத்திருந்த ஒரு நாளைச் சில்வர்தோர்ன் தின்றுவிட்டது. அதனால் அந்த ஊரின் புகழ்பெற்ற வெளிச்சங்களில் நான் பார்த்தது, வாடகைக் கார் திருப்பிக் கொடுக்கும் இடத்தின் வெளிச்சம். மொத்தம் 1,908 மைல், கிலோமீட்டரில் 3,070. பெற்றோல் 203 டொலர்.

ரஞ்சன் சொன்னபடி ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் வென்றுவிட்டதாகக் குழுவில் பூங்கொத்துகள் வந்து குவிந்திருந்தன. ஓல்னேக்கு வந்த அன்றே நானே எழுதினேன்: "சில்வர்தோர்னிலிருந்து டென்வர் வரை 70 மைல் ரஞ்சன் பக்கத்தில் இருந்தவன். தோத்திட்டன்."

குகன் குசினியில் நின்று வாசித்தார். "நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது" என்றார்.

"தெரியும்."

"அப்ப லியோன் கதை முடிஞ்சுது" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

தனியாகப் போக நினைக்கிற பெண்களுக்கு என் ஆலோசனை சில. ஒரு நாளுக்கு 400 மைலுக்கு மேல் வைக்காதீர்கள். பயணத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள், என்னைப் போல யாரையாவது திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டி வரலாம். நாற்சந்தியில் முதலில் வந்தவர் நீங்கள் என்றால், தயவுசெய்து போங்கள். மோட்டல் பெயரை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள், ஒருவருக்கு மட்டும். முக்கியமாக, தெரிந்த ஒன்றைச் செய்வதற்குப் பந்தயம் கட்டாதீர்கள். 3,070 கிலோமீட்டர் ஓடித்தான் எனக்கு அது விளங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், "விடிய லியோனுக்குப் போறன்" என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். குகன் கறியைக் குழைத்துக்கொண்டே இருந்தார். கை கழுவ எழும்பும்போது, "சில்லுக்குக் காத்துப் பாத்தனியோ?" என்றார். பார்த்திருந்தேன்.

காலை 6.30க்கு வெளிக்கிட்டு 11.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மகளின் தெருவில் மூன்று சுற்றுச் சுற்றி ஓர் இடம் பிடித்து, நாலு மாடி ஏறி மணி அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டே, என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தாள். அப்பா கார் நிப்பாட்ட இடம் தேடுகிறாரா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன், "நான்தான் நிப்பாட்டிப்போட்டு வாறன்."