செல்வராசு கொடுத்துவிட்டுப் போன மிளகளவு தோல்

செல்வராசு போய்விட்டான்... முந்தாநாள் விடியற்காலை. நெஞ்சில் சளி கட்டி, இருமக்கூடத் தெம்பில்லாமல்.

நன்னிலம் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் என்னோடு மூட்டை தூக்கினவன். லாரி ரிவர்ஸ் வரும்போது வாயில் ரெண்டு விரலை வைத்துச் சீழ்க்கை அடிப்பானே, அவன்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் கிட்னியை யாரும் திருடவில்லை! வாட்ஸப் குரூப்பில் அப்படிப் போட்ட மகராசன் யாரோ, நேரில் வா. உன்னைத் தராசில் ஏற்றி, ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அவனுக்கு வந்தது தசை கரைகிற வியாதி. முதலில் சீழ்க்கை போனது. உதட்டைக் குவிக்கிறான், வெறும் காற்றுதான் வருகிறது.

"என்ன மாப்ள, வால்வு போயிடுச்சா?" என்றேன்.

"உன் லாரிக்கு அடிச்சு அடிச்சே தேஞ்சு போச்சு மாமா."

அப்புறம் கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு அதுவும் போனால் மிச்சம் என்ன...

வெளியூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தர், விவரமெல்லாம் சொல்லி, சம்மதம் கேட்டு, அவன் கையில் மிளகு அளவுக்குத் தோல் எடுத்தார். அதிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கிற ஸ்டெம் செல் செய்து, உறையவைத்து, செல் வங்கியில் வைப்பார்களாம். இந்த வியாதிக்கு மருந்து தேடுகிறவர்கள் கேட்டால் கொடுப்பார்களாம்.

"உறை மோர் மாதிரி மாமா. ஒரு கரண்டி இருந்தா போதும், ஊருக்கே தயிர்."

"சரிடா, உனக்கு எப்ப குணமாகும்?"

"எனக்கு ஆகாதாம். டாக்டரம்மா மொதல்லயே சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன எழவுக்குடா குடுத்தே?"

"இது வம்சத்துல ஓடுற வியாதியாம். பொண்ணு இருக்குல்ல மாமா..."

அதற்குப் பிறகு அவன் தொல்லை தாங்க முடியவில்லை. நெல் போட வருகிற விவசாயிக்கெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவான். பின்னால் டிராக்டர் வரிசை நிற்கும், இவன் செல் பாடம் நடத்துவான். "வெயில்ல கெடந்து கருத்தவன் நீ, உன் சதை மட்டும் ஏசியிலயா?" என்று கத்துவேன். ஈயென்று இளிப்பான். அந்தச் சிரிப்பும் ஒரு பக்கம்தான் வரும்.

அவன் அண்ணன் கோவிந்தராசு அதற்கு மேல். அண்ணனுக்கும் இருக்கலாம், ஒரு தடவை கூட்டி வாங்க என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். தம்பிக்காரன் நடக்க முடியாத காலோடு அண்ணன் வாசலில் போய்ப் போய் நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை வாங்கண்ணே."

"எனக்கு என்னடா கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன். உன் சீக்கை எந் தலையில கட்டாத."

போகவே இல்லை மனுஷன். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

முந்தாநாள் கேளுங்கள் கூத்தை. பாடை கட்டியாச்சு. வெயில் ஏறுகிறது. பறையடிக்கிறவர்கள்கூட ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது அண்ணன் கிளப்புகிறார்...

"உடம்புல ஒரு துண்டு எங்கியோ பொட்டியில உசுரோட இருந்தா இவன் எப்படிய்யா கரையேறுவான்? அதை வாங்கிட்டு வாங்க, சேர்த்துக் கொளுத்தணும். அதுவரைக்கும் தூக்க வுட மாட்டேன்."

எங்கே போய் வாங்குவது? அது எத்தனை ஊருக்குப் போயிருக்கிறதோ! சொன்னால் கேட்கிறாரா? சொந்தக்காரன் நாலு பேர் வேறு தலையாட்டுகிறான். எனக்குத் தலை வெடித்தது.

செல்வராசு பெண்டாட்டி மல்லிகா எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அழுகையெல்லாம் நின்றிருந்தது.

"அவரு எம் பொண்ணுக்காகக் குடுத்துட்டுப் போனது மாமா. அதைக் கொளுத்தணும்னா என்னையும் சேர்த்துக் கொளுத்துங்க."

அண்ணன் பாடையை விட்டு விலகினார். தூக்கினோம்.

மகன் இல்லை, அண்ணன்தான் கொள்ளி வைக்க வேண்டும். முடிகொண்டான் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வரணும். தூக்கினார். கை நெஞ்சோடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். மறுபடியும் நெஞ்சோடு...

கடைசியில் நான்தான் ஏற்றி வைத்து, பிடித்துக்கொண்டே கூட நடந்தேன்.

"குடம் ஈரமா இருக்கு, வழுக்குது" என்றார்.

"ஆமாண்ணே, வழுக்குது" என்றேன். எனக்கே கிண்டல் வரவில்லை.

நேற்று பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"அந்த டாக்டரம்மாவைப் பாக்க எந்த பஸ்ஸுய்யா ஏறணும்?"

யோவ் செல்வராசு... நீ வாசல்ல நின்னப்ப இதைக் கேட்டிருக்கக் கூடாதாய்யா இந்த மனுஷன்!

திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் போவேன்.

போய்ட்டு வா மாப்ள.