சித்தியின் தலைமேல் விழுந்த கறை

என் சித்தி தலைக்கு எண்ணெய் வைக்கிறாள். இதை ஒரு குற்றம் மாதிரி இருபத்திரண்டு பேர் முன்னால் ஒரு மனிதர் வாசித்துக் காட்டினார். அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சித்தி பக்கத்து நியாயம் அன்றைக்கு ஒருவர் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அவள் அதைச் சொல்லவே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பிழை இருக்காது.

அந்த மனிதர் எங்கள் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர். நான் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. சட்டைக் கையில் எப்போதும் கத்தி மாதிரி ஒரு மடிப்பு நிற்கும். ஆனால் வாழ்நாளில் ஒரு கைக்குட்டைகூடத் தேய்த்தவர் இல்லை. அவருக்கும் சேர்த்துத் தேய்ப்பது நாங்கள்தான்.

ஹோட்டல்களில் யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகள் எங்களிடம் வருகின்றன. துவைத்துப் பிழிந்ததும் ஈரத்தோடு உருளை மெஷினுக்குள் போகும். கட்டிப்பிடித்தால் இரண்டு கை விரலும் லேசாகத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத் தடித்த உருளைகள். மேலே கம்பளித் துணி சுற்றியிருக்கும், அடியில் கொதிக்கிற இரும்பு. இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பை உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் அது காகிதம் மாதிரி வெளியே வரும். வருவதைப் பிடித்து மடிப்பது சித்தியும் நானும். நான் வந்து ஒரு வருஷம் ஆகிறது. சித்தி பதினான்கு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறாள். எதிரே மெஷினின் ஆவி, பின்னால் துணி உலர்த்தும் டிரம்களின் அனல் காற்று. ஆவியில் முடி உப்பும், அனலில் காயும். ஒரு நாளைக்கு நூறு தடவை உப்பிக் காய்ந்தால் எந்தத் தலையும் தாங்காது. சித்தியின் தலையோ பிறந்ததிலிருந்தே உப்பிக் காய்ந்த தலை.

இடுப்பைத் தாண்டும் முடி. சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து இறங்கிய கூட்டம் மாதிரி ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். சின்ன வயதில் என் அம்மா அவளுக்குச் சீவிவிட உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து வந்து எட்டிப் பார்ப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் குருவிக்கூடு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் ஒரு பார்லரில் மருந்து போட்டு நேராக்கிக்கொண்டாள். ஒரு மாதம் பட்டு மாதிரி இருந்ததாம். இரண்டாம் மாதம் பட்டுப்போய், கொத்தாகக் கையோடு வந்திருக்கிறது. கையில் வந்ததை ஒரு காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு, இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாளாம்.

அதற்குப் பிறகு தானே தப்புச் செய்து தானே கற்றுக்கொண்டாள். முதலில் வெறும் விளக்கெண்ணெய். தலையணை உறையைத் தலையிலிருந்து பிரித்து எடுக்க அம்மா வரவேண்டியிருந்தது. அப்புறம் காய்ந்த முடியில் தேங்காயெண்ணெயைக் கொட்டிப் பார்த்தாள். தலை பளபளத்தது, முடி மட்டும் நார் மாதிரியே இருந்தது. இரண்டு மூன்று வருஷம் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டதாம். அவள் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"எண்ணெய் ஈரம் குடுக்காதுடி. இருக்கிற ஈரத்தை ஓடிப்போகாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். காஞ்சு கிடக்கிற முடில வச்சா எதைப் பிடிக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கலந்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவாள். அடுப்பில் நேராக வைக்கமாட்டாள். நடு முடியிலிருந்து நுனிவரை தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுவாள். துண்டால் தேய்த்தால் முடி முறுக்கிக்கொள்ளும் என்று பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுப்பாள். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே ஐந்து சொட்டு பாதாம் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் பூசுவாள். பெரிய பல் சீப்பால் கீழிருந்து மேலே சிக்கெடுப்பாள். வார நாட்களில் அந்த ஐந்து சொட்டோடு சரி. அப்புறம் இறுக்கிப் பின்னி, சுருட்டி, ஊசி குத்தி, சலவைக்கூடத்துத் தொப்பிக்குள் அடைத்துவிடுவாள்.

ஐந்து சொட்டு. எண்ணிக் கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை ஒரு ஹோட்டலிலிருந்து பதினோரு விரிப்புகள் திரும்பி வந்தன, கூடவே ஒரு கடிதம். வெள்ளை விரிப்பில் எண்ணெய்க் கறையாம், விரல் நகம் அளவு. இஸ்திரி எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சித்தி பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"எண்ணெய் வாசனை வருதே."

"ஆமா சார், வச்சிருக்கேன்," என்றாள் சித்தி.

"அப்ப இதுதான். பதினாலு வருஷமா வேலை செய்றம்மா நீங்க, இதுகூடத் தெரியாதா? நாளைலருந்து தலைல ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது."

விசாரணை முடிந்தது. தொப்பிக்குள் பின்னி அடைத்த முடியின் நுனியில் இருக்கும் ஐந்து சொட்டு, தொப்பியைத் தாண்டி, காற்றில் குதித்து, பதினோரு விரிப்புகளில் எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போனேன். சித்தி என் காலை மிதித்தாள்.

அன்று சாயங்காலமே சொன்னேன், "வீட்டுல வச்சு, காலைல நல்லா அலசிட்டுப் போ சித்தி. அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல, வாலு."

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் அதுதான். நேர்மை ஒரு வியாதி, எங்கள் குடும்பத்தில் சித்தியை மட்டும் அது பிடித்திருக்கிறது.

முதல் வாரம் முடி உப்பியது. இரண்டாம் வாரம் தொப்பி உட்காரவில்லை, சித்தி தாடைக்குக் கீழே நாடா கட்டிக்கொண்டாள். மூன்றாம் வாரம் சீப்பின் பல் இரண்டு உடைந்தது. நுனி நுனியாக முறிந்து தோளில், கழுத்தில், மடிக்கிற விரிப்பில் உதிர ஆரம்பித்தது. காலையில் கண்ணாடி முன் நின்று இழுத்து இழுத்துப் பின்னும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் அறைக்கு வெளியே வந்து செருப்பைத் தேடுவேன். செருப்பு என் காலிலேயே இருக்கும்.

கறை நின்றதா என்றால், இல்லை. அதுபாட்டுக்கு வந்தது. இஸ்திரிக்கு அதற்கும் பதில் இருந்தது. "பழைய எண்ணெய் மெஷின்ல ஊறிப்போயிருக்கும்."

நான் சும்மா இருக்கவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து நான்கு முறை கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தேன். தும்மல் வந்து அவர் எடுத்தால் தகரம் மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கும். சித்தி கண்டுபிடித்து, அவருக்குத் தெரியும் முன் அலசிப் போட்டுவிட்டாள். அவமானப்பட்டவளே அவமானப்படுத்தியவனின் மூக்கைக் காப்பாற்றினால் நான் என்ன செய்ய முடியும்?

நான்காம் வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. கறை இருக்கிறதாம், இப்போது விரிப்பில் முடியும் இருக்கிறதாம். நீளமான, சுருண்ட முடித்துண்டுகள். முதல் குற்றம் பொய். அந்தப் பொய்க்குக் கொடுத்த தண்டனையால் இரண்டாவது குற்றம் உண்மையாகிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

"வெள்ளிக்கிழமை வரும்போது தோளுக்கு மேல வெட்டிட்டு வாங்க," என்றார் இஸ்திரி. "இல்லன்னா வரவே வேணாம். உங்களுக்கும் நல்லதுதானே, சீவுற வேலை மிச்சம்."

வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும் சித்தி கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீயே வெட்டு. கோணலா போனாலும் பரவால்ல."

"நான் மாட்டேன்."

"முடி வளரும்டி. இந்த வேலை போனா இன்னொண்ணு வளராது. முப்பத்தாறு வயசுல என்னை யாரு சேத்துக்குவா?"

"அவன் சொன்னதுக்காகவா? அது உன் எண்ணெயே இல்ல சித்தி."

"இல்லதான்," என்றாள் சித்தி, சாதாரணமாக. "உருளைக்கு அந்த ஓரத்துல கிரீஸ் கசியுது. கம்பளித் துணில ஒரு இடத்துல ஊறிப்போச்சு. உருளை சுத்திச் சுத்தி அதே இடம் அச்சு மாதிரி பதியுது. நம்ம கையில மூணு முழத்துக்கு ஒண்ணு. விரிப்போட இடது ஓரத்துலருந்து ஒரு சாண் தள்ளி, நேர்கோட்டுல."

நான் எழுந்துவிட்டேன். "எப்போ தெரியும்?"

"முதல் நாளே. மடிக்கிறப்ப ஒரு புள்ளி மேல இன்னொரு புள்ளி வந்து உக்காருதே, பாக்கலையா நீ?"

பார்க்கவில்லை. நான் எங்கே விரிப்பைப் பார்த்தேன், இஸ்திரியின் முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவரு கேக்கலையே. சொன்னாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் கத்திரிக்கோலைப் பிடுங்கி, எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத ஒரே பொருளான என் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசினேன். "நீ வெட்டிட்டுப் போனா, எல்லாரும் அது உன் எண்ணெய்தான்னு நெனப்பாங்க. கறை அடுத்த வாரமும் வரும். அப்ப எதை வெட்டச் சொல்வான்?"

சித்தி முறிந்த நுனிகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முழுப் பின்னலோடு போனாள். இஸ்திரி வாசலிலேயே பார்த்துவிட்டார். கிழிந்த துணி தைக்கும் மேஜையிலிருந்து கத்திரியை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் வந்தார். வெட்டுவதற்கு இல்லையாம், ஞாபகப்படுத்தத்தானாம்.

"என்னம்மா, நான் சொன்னது காதுல விழலையா?"

அப்போதுதான் ஒரு விரிப்பு வெளியே வந்தது. சித்தி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவர் பக்கம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க சார்."

அவர் பழக்கமில்லாமல் கத்திரியோடு சேர்த்துப் பிடித்தார். விரிப்பு சூடு. கையை உதறினார்.

"உதறாதீங்க, அழுக்காயிடும். அந்தப் புள்ளிலருந்து இந்தப் புள்ளிக்கு முழம் போடுங்க."

இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முழம் போட்டார். "ரெண்டேமுக்கா," என்றார்.

"எனக்கு மூணு. உங்க கை நீளம். இப்ப இந்த விரிப்பு." அவள் அடுத்ததை நீட்டினாள்.

"ரெண்டேமுக்கா."

"இது?"

அவர் அளந்தார், மறுபடி அளந்தார்.

"என் தலை ரெண்டேமுக்கா முழத்துக்கு ஒரு தடவை உருண்டு வருமா சார்?"

முதலில் சிரித்தது மெக்கானிக் அண்ணன்தான். சிரித்த கையோடு மெஷினை நிறுத்தி, ஓரத்து மூடியைக் கழற்றினார். உள்ளே கறுப்பாகக் கிரீஸ் வழிந்து கிடந்தது. "கிரீஸை அடைக்கிற இந்த சீல் மாத்தணும்னு மூணு மாசமா சொல்லிட்டுத்தானே சார் இருக்கேன்," என்றார். யாரைத் திட்டுவது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அன்று என் முறை இல்லை.

"சரி சரி, மாத்திடுங்க. எல்லாரும் வேலையப் பாருங்க," என்றார் இஸ்திரி.

சித்தி நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கை கட்டி நின்று நான் பார்த்ததே இல்லை.

"என் எண்ணெய்ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க சார். இல்லன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சேம்மா."

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. டிரம் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது."

அவர் சொன்னார். சட்டைப் பொத்தானிடம் சொன்னார். "கேக்கல சார்," என்றது டிரம் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் இல்லை, சத்தியமாக. அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை சத்தமாக: கறை அந்தம்மாவோட எண்ணெய் இல்ல, மெஷினோட கிரீஸ். சொல்லிவிட்டுக் கத்திரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் கிண்ணம் மிதந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு எண்ணெய் வைக்கும் உரிமையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடு முடி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நுனி இளகவில்லை. எத்தனை தடவினாலும் துடைப்பக்குச்சி மாதிரி நின்றது.

"முறிஞ்சதை எண்ணெய் ஒட்ட வைக்காது," என்றாள் சித்தி. "நாலு விரல் வெட்டிடு. இல்லன்னா மேல மேல கிழிஞ்சுகிட்டே போகும்."

"அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"அவனுக்கும் இதுக்கும் என்ன? என் முடி, நான் சொல்றேன், வெட்டு."

வெட்டினேன். நேராகத்தான் வெட்டினேன். நாலு விரல் முடி தரையில் விழுந்து, அங்கேயும் அடங்காமல் சுருண்டு நின்றது. அந்த ஆள் இருபத்திரண்டு பேர் முன்னால் இரண்டு முறை சொன்னது சரி. இந்த நாலு விரலுக்கு அவன் என்ன சொல்லப்போகிறான்? இதைத்தான் கேட்க நினைத்து இவ்வளவும் எழுதினேன்.

சித்தி அதைக் கேட்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி முடியை என் பக்கம் தள்ளி, "நுனி இப்ப எப்படி இருக்கு, தொட்டுப் பாத்துச் சொல்லு," என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். "பரவால்ல," என்றேன். ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் அவளிடம் அப்படியெல்லாம் நான் சொல்வதில்லை.