தங்கக் குழிக்குப் போன கம்மல்

பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் புதுப்பெண்ணைப் புருஷன் லால்பாக்குக்கு அழைத்துப் போவான், இல்லாவிட்டால் சினிமாவுக்கு. என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போனது ஒரு பாழுங்குழிக்கு. கல்லூரிப் பரிசோதனைச்சாலையில் பாறைத் துண்டுகளைக் கழுவிச் சீட்டு ஒட்டி அடுக்குவது அவர் உத்தியோகம். ஆறு நாள் கல்லோடு மாரடிப்பது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் கல். "ஒரு இடம் காட்டறேன், அசந்துடுவே" என்றார். என்ன இடம் என்று சொல்லவில்லை.

காதில் அம்மாவின் கம்மல். அம்மாவிடம் இருந்த ஒரே தங்கம் அதுதான். கல்யாணத்தன்று தன் காதிலிருந்து கழற்றி என் காதில் திருகிவிட்டு, தன் காது ஓட்டையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். "தொலைச்சுடாதடி" என்று மட்டும் சொன்னாள்.

கோலார் பக்கம் போகிற பஸ். எதிர் சீட்டுக் கன்னடக்கார அம்மாள் இவரிடம் ஏதோ கேட்டாள். இவர் பெருமையாக, "சின்னத குண்டி நோடக்கே" என்றார். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஆரணியிலிருந்து வந்து இருபது நாள். 'பேக்கு', 'பேடா' தவிர ஒரு எழவும் தெரியாது. என் காதில் அது எப்படி விழும், நீங்களே சொல்லுங்கள்! முன்னே பின்னே தெரியாத பொம்பளையிடம், ஓடுகிற பஸ்ஸில், கட்டின பெண்டாட்டியின் பின்பக்கத்துக்கு அளவு சொல்கிற மனுஷன்! நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இறங்கி ஒரு மைல் நடந்தோம். கூரையில்லாத ஒரு எஞ்சின் வீடு, பாதியில் உடைந்த செங்கல் புகைபோக்கி, அதன் பின்னால் மலைபோல் குவிந்த வெங்கச்சங்கல். இயந்திரம் நின்ற மேடையில் துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் முளைத்திருந்தன. யாரோ ஆடு மேய்க்கிறவர்கள் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்.

இவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். இந்த வெள்ளைக் கல்லுக்குள்தான் தங்கம் ஓடுமாம். அந்தக் காலத்து ஆட்கள் பாறையில் தீ மூட்டி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்களாம். ஆட்டுக்கல் மாதிரி பாறையில் இருந்த குழிகள் அவர்கள் கல்லை அரைத்த இடமாம். அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனி வந்து ஆழமாகத் தோண்டி, தங்கம் தீர்ந்ததும் கூரைத் தகரத்தைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். பையிலிருந்து ஒரு கறுப்பு உரைகல்லும் அமிலக் குப்பியும் எடுத்தார். "இதுல உரசிக் கோடு கிழிச்சு, ஒரு சொட்டு விடணும். அசல்னா கோடு நிக்கும். போலின்னா கரைஞ்சுடும்." யாருக்கு வேண்டும் இவர் உரைகல்! விடுவிடுவென்று கற்குவியல் மேல் ஏறினேன். காலடியில் கல் சரிந்தது. பஸ்ஸில் பேச்சுக்கு ஆளான அதே அங்கத்தின் மேல் உட்கார்ந்தபடி, கம்பெனி தோண்டிய குழியின் விளிம்புவரை சறுக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"எங்க அடிபட்டுச்சு?" என்று ஓடி வந்தார்.

"அந்தப் பஸ் அம்மாகிட்டயே போய் சொல்லுங்க, எங்க அடிபட்டுச்சுன்னு!"

முழித்தார். அப்புறம் புரிந்து, அடக்க முடியாமல் சிரித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அடியே, சின்னன்னா தங்கம்டி! குண்டின்னா குழி! கன்னடத்துல!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காதைத் தொட்டேன். வலது காது வெறுமையாக இருந்தது.

பொழுது சாயும்வரை தேடினோம். கல்லுக்குக் கல் காக்காப்பொன் மினுக்கி என்னை ஏமாற்றியது. கிடைத்தது திருகாணி மட்டும். குழிக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். சத்தம் வர வெகுநேரம் ஆனது. நான் வாய்விட்டு அழுதேன். எல்லாரும் தங்கம் எடுத்த குழியில் தங்கம் போட்டுவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

ஆடிக்கு என்னை அழைத்துப்போக அம்மா வந்தாள். அதுவரை கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை, தைரியமில்லை. வாசலில் கால் வைத்ததும் அவள் கண் நேரே என் வலது காதுக்கு, வேப்பங்குச்சிக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் இவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டாள்.

"மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க. கண்டுபிடிச்சுக் கழட்ட வெச்சுட்டீங்களா? அதுல ஒண்ணு பித்தளைதான். தண்ணி சேந்தறப்போ ஒண்ணு கிணத்துல விழுந்துடுச்சு. ஜோடிக்காகப் பித்தளையில செஞ்சு முலாம் பூசினேன். இவளுக்கே தெரியாது."

அம்மா கிணற்றில், நான் சுரங்கத்தில். எங்கள் வீட்டுத் தங்கத்துக்குப் பூமிக்கு மேலே இருக்கவே பிடிக்காது போலிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். அம்மா என் இடது காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ இருக்கறது எதுடி?"

இவர் என் இடது காதுக் கம்மலை வாங்கிக்கொண்டு பையைத் திறந்தார். உரைகல்லில் ஒரு கோடு கிழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல் தங்கம், அத்தை. குழிக்குப் போனதுதான் பித்தளை."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "வெள்ளைக்காரன் திரும்பி வந்து தோண்டினா நல்லா ஏமாறுவான்!" என்றாள். அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டாள்.

பையை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். அமிலக் குப்பி மேல் புது மெழுகு அடைத்தபடியே இருந்தது. கோட்டின் மேல் ஒரு சொட்டு விட அவர் அதைத் திறக்கவே இல்லை.

நான் கேட்கவில்லை. அந்தக் கம்மலை இன்றுவரை உரைத்தும் பார்க்கவில்லை. கல்லோடு மாரடிக்கிற மனுஷன் என்று அதற்கப்புறம் அவரைத் திட்டியதே இல்லை. திட்டுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.