மாத்திரைக்குப் பதில் வல்லாரைக் கஞ்சி

என் எட்டு வயது மகளுக்குக் குடல் அழற்சி. வல்லாரையிலுள்ள அன்டிஒக்சிடன்ட் சத்து குடற்புண்ணை ஆற்றக்கூடும் என்று ஃபோனில் படித்தேன். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் வல்லாரைக் கஞ்சி கொடுத்தேன்.

ஒரு நாள், "வயிறு எரியுதும்மா, வேணாம்" என்று கோப்பையைத் தள்ளினாள். கன்னத்தில் அறைந்தேன். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினேன். அன்றே மலசலகூடம் முழுவதும் இரத்தம். "மாத்திரை அப்படியே கெடக்கேடி!" என்று கத்திய கணவர், கஞ்சிச் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர், "வல்லாரையப் பத்தி ஆராய்ச்சி நடக்குதுதான். ஆனா மாத்திரைய ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார்.

கட்டிலில் கிடந்த மகள் முந்திக்கொண்டாள். "நான்தான் மாத்திரையத் துப்பிட்டேன் டொக்டர். அம்மாவ ஏசாதீங்க."

அழுதபடி உண்மையைச் சொன்னேன். மகள் பிழைத்துக்கொண்டாள். அந்தப் பொய்யை அன்பினால் சொன்னாளா, என் கைக்குப் பயந்து சொன்னாளா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.