கோரைக்குப் போர் போட்டவர்

என் வீட்டுக்காரர் பாதி ஆயுசை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் கழித்தவர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் போர் போடுவார். பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரிக், தூசி, கண் விழிப்பு எதுவும் இனிமேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து காரில் ஏறியதும், "அவருக்கென்ன தெரியும்? ஒடம்பு தேறுனா வண்டிக்குப் போயிருவேன்" என்றார். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், நான் கொஞ்சம் சின்ன வெங்காயமும் இரண்டு வரிசை கனகாம்பரமும் வைத்திருந்தேன். "உன்ற மண்ணுல சத்தே இல்ல புள்ள" என்று ஒரு டிப்பர் ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார். பாசமாகத்தான் செய்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏரிக்கரையில் இருந்த கோரைப் புல்லெல்லாம் அந்த வண்டலோடு வண்டியேறி வந்துவிட்டது. முதல் மழைக்கே பாத்தி பச்சைப்பசேல் என்று நின்றது.

"பாத்தியா, என்ற மண்ணுக்கு வெங்காயம் எப்படி வருதுன்னு!"

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க. அத்தனையும் கோரைங்க."

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோரையைப் பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கடப்பாரையை எடுத்தார். ஒரு கிழங்கைத் தோண்டினால், அதிலிருந்து நூலாக ஒரு வேர் இறங்கி அடுத்த கிழங்குக்குப் போனது. அதைத் தோண்டினால் இன்னொன்று. தண்ணீரைப் பார்க்காமல் நிறுத்தக்கூடாது என்று பழகிய கை ஆயிற்றே, விடுமா? துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி.

"ஏனுங்க, தண்ணி வந்தாச் சொல்லுங்க. மோட்டார் எறக்கிரலாம்."

"சிரி, சிரி. பாறை வந்தாலும் உடமாட்டேன்."

இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இடிக்கிறாரே என்று கடப்பாரையைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். மறுநாளே யார் தோட்டத்திலிருந்தோ களையெடுக்கும் மிஷினைக் கொண்டுவந்து ஓட்டினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. கிழங்குச் சரத்தையெல்லாம் துண்டு துண்டாக அறுத்து, கோரை இல்லாத மூலைக்கும் அந்த மிஷின் பரப்பிவிட்டது. ஒரு வரிசை கனகாம்பரமும் போயிற்று. அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்து அவருடைய பார்ட்னர் கூப்பிட்டார். வண்டி வடக்கே கிளம்புகிறதாம். நான் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டேன். இவர் பொடக்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் கோரைய ஒரு வழி பண்ணிப்போட்டு வாரேன்ப்பா. புல்லுக்குத் தோத்துட்டு வந்தேன்னா பசங்க சிரிப்பானுங்க" என்றார்.

அப்புறம்தான் அவருக்குப் புத்தி வந்தது. முக்காலி போட்டு உட்கார்ந்து, சின்னக் களைக்கொத்தால் கிளறி, மண்ணைச் சல்லடையில் சலித்து, கிழங்கைப் பொறுக்கி வாளியில் போட்டார். காலையில் கொஞ்சம், வெயில் தாழக் கொஞ்சம். நேரத்துக்குச் சாப்பிட்டார், தூங்கினார். முகத்தில் களை வந்தது. நான் டீயோடு பக்கத்தில் போய் உட்காருவேன். கல்யாணமான நாளிலிருந்து போனிலேயே பேசிக்கொண்டிருந்த நாங்கள் அங்கேதான் ஆற அமரப் பேசினோம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பங்குனியில் பாத்தி சுத்தமாகிவிட்டது. கோரை இருந்த தடமே இல்லை. பார்ட்னரை அவராகவே கூப்பிட்டு, "வாரேன்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். "ஒரே ஒரு நடை புள்ள" என்று பையைக் கட்டினார்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. கிளம்புகிற அன்று காலையில் துணி காயப்போடப் பொடக்காலிக்குப் போனேன். பாத்தி முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. ஒரு வருஷமாக நான் வாயில் வந்தபடியெல்லாம் சபித்த கோரை. பார்த்ததும் என் வயிறு குளிர்ந்துபோயிற்று.

"ஏனுங்க! ஓடி வாங்க!"

தோளில் பையோடு வந்தார். "அட நாசமாப் போறதே!" என்று குனிந்து ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். போன் அடித்தது. எடுத்து, "நீங்க கெளம்புங்கப்பா. எனக்கு ஊட்ல வேல கெடக்குது" என்றார்.

பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் களைக்கொத்தைத் தேடினார். அது ஏற்கெனவே என் கையில் இருந்தது.

"எதுக்குப் புள்ள அழுவுற?"

"கோரை மறுபடி வந்திருச்சேன்னுதானுங்க."