அனுப்பலாமா, கூடாதா?

ராசிங்காபுரத்து முத்துப்பேச்சிக்கு வேதியியலில் முனைவர் பட்டம் உண்டு. வாய்த்துடுக்கு அதைவிட அதிகம். கல்லூரி வேலைக்குக் காத்திருக்காமல், போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தவள். "இதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னைப்போல் கல்லூரிக்கு வெளியே வேலை தேடும் ஆராய்ச்சி மாணவர்களை வீட்டு மாடியில் உட்காரவைத்து நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்வாள். நானும் அங்கே உட்கார்ந்தவன்தான். எங்கள் கூட்டத்தை நினைத்தாலே எரிச்சல் வரும். மழை பெய்கிறதா என்று கேட்டால், நனைந்துகொண்டே "மேலும் ஆய்வு தேவை" என்போம்.

குரங்கணி ஜீப் டிரைவர் சுருளியின் மகள் பவதாரணி எங்களை எல்லாம் மிஞ்சியவள். ஏலக்காயில் தங்கும் பூச்சிமருந்துதான் அவள் ஆராய்ச்சி. போன இடத்திலெல்லாம் இழுத்து இழுத்துப் பதில் சொல்லி வேலையைக் கோட்டைவிட்டிருந்தாள். இப்போது போடியிலேயே இன்னோர் ஏலக்காய்க் கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. இதுவும் போனால், படிப்பை மூட்டைகட்டிவிட்டுத் துணிக்கடைக் கல்லாவில் உட்காருவதென்று முடிவுசெய்திருந்தாள்.

முத்துப்பேச்சி அவளை ஏலக்காய் ஏலம் விடும் மண்டபத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே தட்டில் மாதிரிக் காய் வரும். வியாபாரிகள் ஒரு கை அள்ளிப் பார்த்து, தரையில் வீசிவிட்டு, அப்போதே விலை போடுவார்கள்.

"ஒரு கைப்பிடி பத்தாதுக்கா, இன்னும் நாலு மாதிரி பாக்கணும்," என்றாள் பவதாரணி.

"அவுக ஆராய்ச்சி பண்ண வரலடி, வாங்க வந்திருக்காக. அவுகளுக்குத் தெரியாததும் ஒனக்குத் தெரியும். பெறகு ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குற? அனுப்பலாமா கூடாதா, அதச் சொல்றதுதான் சோலி!"

தேர்வு நாளில், முதலாளி ராக்கையா ஒரு பரிசோதனை முடிவை நீட்டினார். பூச்சிமருந்து, அனுமதித்த அளவுக்கு மயிரிழை கீழே இருந்தது.

"லோடு அனுப்பலாமா?"

பழைய பதில் தொண்டைவரை வந்துவிட்டதாம். விழுங்கிக்கொண்டாள்.

"அனுப்பாதீங்க."

"அளவுக்குள்ளதானம்மா இருக்கு?"

"மயிரிழதான மிச்சம்? வாங்குறவுக சோதிக்கையில அளவத் தாண்டிக் காட்டிட்டா, மொத்தமும் திரும்பி வந்துரும். வேற சரக்கு அனுப்புங்க."

ராக்கையா முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் போனை எடுத்தார்.

"ஒச்சப்பா, லாரி எங்க நிக்குது? போடிமெட்டா? லோட வெரசா திருப்பிக் கொண்டா."

பரீட்சைக் கேள்வி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மலையேறிய நிஜ லாரி அவள் சொல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது! வேலை கொடுத்தேன் என்று சொல்லக்கூட மறந்துபோய், "அப்ப எந்தச் சரக்க அனுப்பலாம், வந்து பாரும்மா," என்று ராக்கையா எழுந்தார்.

தெருவில் காத்திருந்த முத்துப்பேச்சி, கிடங்கை நோக்கிப் பவதாரணி முன்னே நடக்க முதலாளி பின்னே போவதைப் பார்த்தாள். நட்டநடுத் தெரு என்றும் பாராமல் விசிலடித்தாள்.