சித்தி குடித்த வாய்க்கால் தண்ணீர்

எங்கள் வீட்டில் சித்தியின் உத்தியோகம் என்னவென்று ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் யாராவது கேட்டால் அம்மா, "கம்பஸிலை வேலை" என்று சொல்லிவிட்டு உடனே கத்தரிக்காய் விலைக்குத் தாவிவிடுவார். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் வாய்க்காலை இரண்டு கிழமைக்கு ஒருமுறை தேடிப்போய், அதன் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வருவதுதான் அந்த வேலை.

எந்தக் கழிவு எங்கே வந்து விழுகிறது, அதனால் எந்த மீன் இல்லாமல் போகிறது, எதை மறித்தால் எது திரும்பி வரும் என்பதெல்லாம் ஒரு வருட அட்டவணை நிரம்பினால் தெரியவரும் என்பார். இடையில் ஒரு தடவை விடுபட்டாலும் முழுவதும் வீண். வானொலியைச் சுற்றியிருந்து, எந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த யுத்த காலம் அது. சித்தி மட்டும் கெளுத்தி மீன் எந்தப் பாலத்தோடு நின்றுவிடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வயது பத்து. அவரைவிடக் கெட்டிக்காரர் உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

சனிக்கிழமைகளில் என்னைப் பாட்டு வகுப்பில் விடுவது சித்தியின் பொறுப்பு. வழியில்தான் வாய்க்கால். அவர் கரையில் இறங்கி இரண்டு போத்தல்களில் தண்ணீர் எடுப்பார். ஒன்று சாதாரண பிளாஸ்டிக் போத்தல். மற்றது கண்ணாடி மூடி போட்டது. அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரண்டு சொட்டு மருந்து விட்டால், பால்தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறிவிடும்.

"மீன் மூச்சு விடத் தண்ணியிலை காத்து இருக்கோ எண்டு இதிலைதான் பாக்கலாம். இடையிலை திறந்தா வெளிக்காத்து உள்ளை போயிடும், பிள்ளை. பிறகு போத்தல் பொய்தான் சொல்லும்" என்பார்.

பதினொரு மாதம் முடிந்து, இன்னும் இரண்டே தடவைதான் பாக்கி என்றிருந்த ஒரு சனிக்கிழமை. பாலத்தடிச் சோதனைச்சாவடியில் வழமையாக நிற்பவர்கள் சித்தியை "வத்துர நோனா", தண்ணீர் அம்மணி, என்று அழைத்துச் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அன்று நின்ற சிப்பாய் புதியவர். சித்தியின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடிப் போத்தலை எடுத்து மூடியில் கை வைத்தார்.

"திறக்க வேண்டாம்" என்று சித்தி சிங்களத்தில் சொன்னார். அதுதான் பிழை. சோதனைச்சாவடியில் எதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கையில் திரியும் பூனைக்கும் தெரியும். படித்த சித்திக்கு அந்த நேரம் மறந்துவிட்டது.

"வத்துர நம், பீலா பென்னன்ன" என்றார் சிப்பாய். தண்ணீர் என்றால் குடித்துக் காட்டு. என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலுக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்ததில் மருந்து கலந்திருந்தது.

சித்தி பையிலிருந்து பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். இதுவும் அதே தண்ணீர்தான் என்று பணிவாகச் சொல்லி, இரண்டு மிடறு குடித்தார். லேஞ்சியால் வாயைத் துடைத்துவிட்டுச் சிப்பாயைப் பார்த்துப் புன்னகை செய்தார்.  சிப்பாய் கண்ணாடிப் போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

பாட்டு வகுப்புக்கு நேரம் தப்பிவிட்டதால் என்னையும் கம்பஸ் ஆய்வுகூடத்துக்கே கூட்டிப்போனார்.  கண்ணாடிப் போத்தலைத் திறந்து, செய்யவேண்டியதைச் செய்து, இலக்கத்தை அட்டவணையில் எழுதினார். பிளாஸ்டிக் போத்தலுக்கு நேரே, "இரண்டு மிடறு குறைவு" என்றும் நேர்மையாகக் குறித்தார். அதற்குப் பிறகுதான் கைகழுவும் தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வயிறுகூட அவர் சொல்லும்வரை காத்திருந்தது.

நாலு நாள் படுக்கை. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தபடி, "உனக்கு விசரே?" என்று திட்டிக்கொண்டேயிருந்தார். எப்போதும் சித்தியைக் கேலி செய்யும் அப்பாகூட இளநீர் வாங்கி வந்தார்.

நான் கட்டில் ஓரத்தில் இருந்து மெல்லக் கேட்டேன்: "ஆமிக்குப் பயந்திட்டீங்களோ, சித்தி?"

"ஓம், நல்லாப் பயந்திட்டன்" என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. சிப்பாயின் துவக்கைக் கண்டு நடுங்கி, சொன்னதைச் செய்துவிட்டாரே என்று நினைத்தேன். பத்து வயதுக்குரிய பெருந்தன்மையோடு அவரை மன்னித்தும் விட்டேன். அந்த வாய்க்காலில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைப் பதினொரு மாதமாகத் தன் கையாலேயே எழுதிவந்தவர் அவர். கொழும்பில் அதைக் குடிக்கக்கூடாது என்று அவரளவுக்குத் தெரிந்தவர் வேறொருவர் இருந்திருக்கமாட்டார். அது என் புத்திக்கு அன்று எட்டவேயில்லை.